தண்டா, வேரா

ஆர்க்கிட் செடியைத் தண்ணீர் ஊற்றிக் கொன்றவர்கள்தான் அதிகம், மேடம். ஊற்றாமல் கொன்றவர் என்று ஒருவரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. நேற்று நீங்கள் என் வீட்டுப் பின்னறையில் நின்றுகொண்டு, "பாவம், காஞ்சு கெடக்கு, யாராச்சும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்களேன்" என்று கூட வந்த கான்ஸ்டபிளிடம் சொன்னீர்கள். நான் வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்தேன். தங்கச்சி செத்துக் கிடக்கிற வீட்டில் இந்தம்மாவுக்குச் செடி பெரிதாகப் போய்விட்டதா என்று உங்கள் முகத்தில் ஓடியது. அப்படித் தோன்றியதில் தப்பில்லை. தெரியாதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

இன்று தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை வரிசையாக எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். வரிசையாக எழுத எனக்கு வரும். பெரிய மருத்துவமனை ஒன்றின் துணிக் கிடங்குக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே நான் கையெழுத்துப் போடாமல் ஒரு தலையணை உறைகூட வார்டுக்குப் போகாது. என்னைப் பிடிக்காதவர்கள்கூட என் அலமாரியைக் குறை சொன்னது கிடையாது.

சின்னு என் தங்கை. நான் தூக்கி வளர்த்தவள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் வேலை. டிரைவிங் ஸ்கூலில் அவளிடம்தான் படிப்பேன் என்று ஆட்கள் காத்திருப்பார்கள். காரணம், அவள் யாரையும் திட்டமாட்டாள். வீட்டுக்கு வந்து அவர்களைப் போல நடித்துக்காட்டுவாள். கியர் மாற்றும்போதெல்லாம் கியரிடம் "சாரி" சொல்லும் ஒரு வங்கி மேனேஜர், எதிரில் பஸ் வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்ளும் ஒரு பல் டாக்டர் என்று இரண்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவள் செய்துகாட்டினால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன்.

அவள் கணவர் போன வருஷம் பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்து இறந்துபோனார். அதற்கு முந்தைய வாரம் அவர் அவளுக்காக வாங்கி வந்ததுதான் இந்தச் செடி. ஒரே தண்டு, வரிசையாக வெள்ளைப் பூக்கள், தொண்டையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். நானே போய் அவளை அழைத்து வந்தேன். ஒரு பெட்டி, இந்தத் தொட்டி, இளைப்புக்கு உறிஞ்சுகிற இன்ஹேலர், இவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு உண்டு. குளிர்ந்த காற்றும் ஈரமும் ஆகாது. இதை நானாகவே எழுதுகிறேன். எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வந்த கொஞ்ச நாளில் பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அவளும் பேசுவதை விட்டாள். டிரைவிங் ஸ்கூல் முதலாளி அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட வந்தார். அவரை எல்லோரும் பிரேக் சார் என்பார்கள். தூக்கத்தில்கூட "பிரேக்க மிதி, பிரேக்க மிதி" என்று கத்துவாராம். அவரிடம் சின்னு மொட்டைத் தண்டைக் காட்டிச் சொன்னாள்:

"இது மறுபடி பூக்கட்டும் சார். அன்னிக்கே வந்து வண்டிய எடுக்கறேன்."

"இதெல்லாம் ரெண்டாவது தடவ பூக்குமாம்மா? எங்க வீட்ல வாங்கினது எல்லாமே ஒரே தடவைல ரிட்டயர்டு."

"அக்கா கைல குடுத்திருக்கேன். பூக்காம எங்க போயிடும்?"

இந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பு என்று வந்தபின் அரைகுறையாகச் செய்ய எனக்குத் தெரியாது. பெரிய சாலையில் இருக்கும் நர்சரிக்காரரிடம் போய்க் கேட்டேன். பொறுமையான மனிதர். காய்ந்த தண்டைக் கணுவுக்கு மேலே வெட்டச் சொன்னார். மண் கூடாது, மரப்பட்டைத் துண்டுகள் போதும். தொட்டி சிறியதாக, இறுக்கமாக இருக்க வேண்டும். இடம் தாராளமாகக் கிடைத்தால் செடி வேரையும் இலையையும் விட்டுக்கொண்டு சோம்பேறியாகிவிடும். வைத்த இடத்தை மாற்றக் கூடாது. வேர் வெள்ளிபோல வெளுத்தால்தான் தாகம். பச்சையாக இருந்தால் தொடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சில வாரங்களுக்கு ராத்திரிக் குளிர் உடம்பில் பட வேண்டும். சுகமாகவே இருக்கிற செடிக்குப் பூக்கத் தோன்றாதாம்.

அப்புறம் அவர் இரண்டு செடிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "எல்லாரும் ஏமாறுற எடம் இதுதாம்மா. தண்டு வருதுன்னு குதிப்பாங்க, பாத்தா வேரா இருக்கும்" என்றார். வேரின் நுனி தீக்குச்சித் தலைபோல உருண்டு வழவழவென்று இருக்கும். பூத்தண்டின் நுனி அப்படி இருக்காது. கொஞ்சம் தட்டையாக, ஒரு பக்கம் மடிந்து, பிறந்த குழந்தை மூடிவைத்திருக்கும் கைபோல இருக்கும். ஒருமுறை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டால் அதற்கப்புறம் கண் தவறவே தவறாது. எனக்குக் கண் நன்றாகத் தெரியும். கண்ணாடி போடுவது எழுத்து வேலைக்கு மட்டும்தான்.

செடிக்குச் செய்ததையெல்லாம் நான் தங்கைக்கும் செய்தேன் என்று பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சர் உங்களிடம் சொன்னாராம். அவர் சொன்ன விதம் சரியில்லை. விஷயம் சரி. வீட்டில் இருவர் வாடியிருந்தார்கள். ஒருவருக்கு ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். மற்றவருக்கு, "கூட இருங்க, பேச்சுக் குடுங்க, வெளில அழைச்சுட்டுப் போங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்களே தவிர யாரிடமும் ஒரு முறை இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு டம்ளர் அனுதாபம் ஊற்றிவிட்டுப் போனார்கள். அவள் வேர் அழுகுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

அதனால் அவளை முன்னறையிலிருந்து பின்னறைக்கு மாற்றினேன். சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலடியில் செடி. போனை வாங்கி வைத்துக்கொண்டேன். மணி அடிக்கும்போதெல்லாம் அவள் திடுக்கிட்டாள். வருகிறவர்களை வாசலோடு அனுப்பினேன். சாப்பாட்டை மெதுவாகக் குறைத்தேன். ஜன்னல் கதவுகளைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். கம்பி மட்டும் இருந்தது. காற்றில் அறைக் கதவு படார் படார் என்று அடித்ததால் சாயங்காலமானால் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். இன்ஹேலரைச் சமையலறை மேல் தட்டில், பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். கை எட்டுகிற தூரத்தில் இருந்தால் தேவையில்லாமலும் எடுப்பாள். கேட்டபோதெல்லாம் கொடுத்திருக்கிறேன். கேட்டவுடனே கொடுத்தேனா என்று நீங்கள் மூன்று விதமாக மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். உடனே கொடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

அவள் எதிர்க்கவில்லை. "அக்கா எதச் செஞ்சாலும் என் நல்லதுக்குத்தான் செய்யும்" என்று டியூஷன் டீச்சரிடமே சொல்லியிருக்கிறாள். அவர் அதையும் உங்களிடம் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். சொல்லாவிட்டால் கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் எனக்கு வந்தது வேர்களால். தொட்டி பளிங்குபோல உள்ளே தெரிகிற பிளாஸ்டிக். நான் தண்ணீர் காட்டாத நாளில் வேர் பச்சையாக இருந்தது. ஒருநாள் என்றால் கண் ஏமாற்றியது என்று விட்டுவிடலாம். மறுபடி மறுபடி இருந்தது. பட்டைத் துண்டைக் கிள்ளிப் பார்த்தால் ஈரம். யாரோ என் முறையைக் கெடுக்கிறார்கள்.

முதலில் டியூஷன் டீச்சரைத்தான் நினைத்தேன். அவர் வீட்டுக் கொல்லையில் நின்று கையை நீட்டினால் எங்கள் ஜன்னல் கம்பி எட்டும். துணி காயப்போடுகிற சாக்கில் எந்நேரமும் அங்கேதான் நிற்பார். வெங்காயம் வாங்க வந்தாலும் பேச்சு என்னிடம் இருக்கும், கண் எனக்குப் பின்னால் இருக்கும். அப்புறம் பிரேக் சாரை நினைத்தேன். செடி பூத்தால் லாபம் அவருக்குத்தானே. ஆனால் அவர் வராத வாரத்திலும் ஈரம் இருந்தது. அறைக் கதவின் கீல் பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி உண்டு. ஒரு மத்தியானம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே வந்து நின்றேன்.

சின்னுதான். அவள் குடிக்க நான் வைத்துவிட்டுப் போன டம்ளரை எடுத்து, தான் பாதி குடித்துவிட்டு, மீதியைத் தொட்டி ஓரமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றினாள்.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. உள்ளே போய்க் கேட்டேன்.

"ஏண்டி, நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல?"

"அதுக்குத் தாகமா இருந்துச்சுக்கா."

"அது வந்து உன்கிட்ட சொல்லிச்சாக்கும்?"

"வேர் வெளுத்திருந்துச்சு. நீதான சொல்லிக்குடுத்த?"

அவள் கையில் மிச்சம் தண்ணீர் இருப்பதால்தானே இந்த வேலை என்று அதற்கு மறுநாளிலிருந்து அரை டம்ளர் வைத்தேன். அதிலும் பாதியை அவள் செடிக்கே ஊற்றினாள். பிடிவாதம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் பிரேக் சார் மறுபடி வந்தார். ஊரில் மழை ஆரம்பித்திருந்தது. நனைந்துகொண்டே வாசலில் நின்றவரை உள்ளே விடாமல் இருக்க முடியவில்லை. டீ போட அடுப்படிக்குப் போனேன். பின்னறையிலிருந்து முதலில் அவர் குரல் கேட்டது, யாரோ ஒரு புது மாணவரைப் பற்றி. அப்புறம் சின்னுவின் குரல். "சார், இண்டிகேட்டர் போட்டா பின்னாடி வர்றவனுக்கு நம்ம எங்க போறோம்னு தெரிஞ்சிடுமே, அது எதுக்கு சார் அவனுக்கு?" அந்த மாணவர் மாதிரியே மூக்கால் பேசினாள். அவரைப் பார்க்காமலே. பிரேக் சார் கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் இளைப்பு வந்து இருமினாள், இருமிவிட்டு மறுபடி சிரித்தாள்.

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் துடைத்துக்கொண்டே யோசித்தேன். இது சரியான பருவத்தில் வந்த சிரிப்பில்லை. அவசரச் சிரிப்பு. வெளி ஆள் ஒருவர் வந்து கிள்ளிவிட்டதால் வந்தது. இதை நம்பி அனுப்பினால் பாதி வழியில் வாடிவிடுவாள். வாசல்வரை போய் அவரிடம், இனி வரவேண்டாம் என்று சின்னுவே சொல்லச் சொன்னதாகச் சொன்னேன். சின்னுவிடம், அவர் வேறு ஆளைப் போட்டுவிட்டாராம், அதைச் சொல்லத்தான் வந்தார், முகத்துக்கு நேரே சொல்லத் தயக்கம் என்றேன். இரண்டும் பொய். மருத்துவமனையில் அதைவிடப் பெரிய பொய்களை டாக்டர்கள் தினமும் நோயாளியின் நன்மைக்காகச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு காலை வேளையில் அவள் கூப்பிட்டாள். இன்ஹேலருக்காக அல்லாமல் அத்தனை மாதத்தில் என்னை அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அக்கா, இங்க வாயேன். தண்டு வருதுக்கா."

இரண்டு இலைக்கு நடுவிலிருந்து பச்சையாக, என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. அவள் தரையில் உட்கார்ந்து, தொடாமல், கையைக் குவித்து அதைக் காற்றிலிருந்து மறைத்துக்கொண்டிருந்தாள்.

"வேர் அது" என்றேன்.

"இல்லக்கா. நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். வேர்தான். எடம் மாறி வருது. இத வளரவிட்டா சத்தெல்லாம் இதுக்கே போயிடும்."

சில நாள் பொறுத்தேன். அது விரல் நீளம் வந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் துணி வெட்டும் கத்தரிக்கோலால் அடியோடு வெட்டினேன். வெட்டியதைக் கைக்குட்டையில் சுற்றி இஸ்திரி மேசையின் இழுப்பறையில் வைத்தேன். எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் எனக்கில்லை. அதைத்தான் நேற்று உங்கள் ஆள் எடுத்தார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. ஈரத் தலையோடு வந்து வெட்டின இடத்தை விரலால் தொட்டாள்.

"நீ வெட்டினது வேரில்லக்கா."

"வேர்தான்."

"உனக்குத் தெரியும்" என்றாள். அப்புறம் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, ஏதோ காய்கறி வாங்கவேண்டும் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்: "திங்கட்கிழமை காலைல பிரேக் சார் வண்டி எடுத்துட்டு வர்றாரு. நான் போறேன். பூக்குதோ பூக்கலையோ."

டியூஷன் டீச்சர்தான் ஜன்னல் கம்பி வழியாகத் தன் போனை நீட்டியிருக்கிறார். ஆக, என் சந்தேகம் வீண்போகவில்லை. நான் ஆளை மட்டும்தான் மாற்றி மாற்றி நினைத்திருந்தேன். மூவரும் ஒன்று என்பது தோன்றவில்லை.

"எங்க தங்குவ?" என்று கேட்டேன்.

"ஸ்கூல் மாடில ஒரு ரூம் இருக்கு. நீ ஞாயித்துக்கிழமைல வா. நான் சமைச்சுப் போடறேன்" என்றாள். என் தோளில் கை வைத்தாள். "உனக்கும் வண்டி சொல்லித் தரேன். நீ பஸ் வந்தா கண்ண மூட மாட்டல்ல?"

இப்போது நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மத்தியானத்திலிருந்தே மழை. சாரல் பின்னறைக்குள் அடித்தது. சின்னுவுக்கு இழுப்பு ஆரம்பித்திருந்தது. மூச்சு விடும்போது கெட்டில் கொதிக்கிற மாதிரி சத்தம் வந்தது. பொழுது சாய்வதற்கு முன்பே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு முன்னறைக்கு வந்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன். அவள் வேலைக்குப் போட்டுக்கொள்கிற நீலச் சட்டை, அவள் கொண்டுவந்த பெட்டியில் கசங்கிக் கிடந்தது. திங்கட்கிழமைக்கு வேண்டுமே. கழுத்துப்பட்டையிலிருந்து தொடங்கினேன்.

தட்டும் சத்தம் கேட்டது. முதலில் உள்ளங்கையால் கதவில். பேச முயன்றிருப்பாள், குரல் வரவில்லை. அப்புறம் டம்ளரால் சுவரில். அந்தச் சுவருக்கு மறுபக்கம் டியூஷன் டீச்சர் வீடு. அவர் குடையோடு வந்து வாசலில் நின்றார்.

"என்னக்கா சத்தம்?"

"பாத்திரம் உருண்டுச்சு."

"சின்னு என்ன பண்றா?"

"தூங்கறா."

அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். இஸ்திரி மேசையில் நீலச் சட்டை இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. நாளைக்கு நான் அவளை அனுப்பத்தான் போகிறேன் என்று நம்பிவிட்டார். "சரிக்கா" என்று போனார். நேற்று அவர் உங்கள் முன் தலையில் அடித்துக்கொண்டு அழுததற்கு அதுதான் காரணம். அவர்மேல் வழக்கு எதுவும் போடாதீர்கள்.

நான் மறுபடி இஸ்திரியை எடுத்தேன். டம்ளர் சத்தம் தொடர்ந்தது. வாடுகிற நேரத்தில்தான் எல்லோரும் மனசு இளகிக் கெடுத்துவிடுவார்கள் என்று நர்சரிக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. இன்ஹேலர் எனக்கு ஏழெட்டு அடி தூரத்தில் இருந்தது. சட்டையின் ஒரு கை முடிந்து மறு கைக்கு வந்தபோது சத்தம் நின்றது. மறு கையையும், பொத்தான் பட்டையையும், பையையும் முடித்து, சட்டையை மடித்து, இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

அவள் ஜன்னலைவிட்டு விலகி, சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தொட்டியை மடியில் வைத்து, சாரல் படாமல் தன் போர்வையால் அதைச் சுற்றியிருந்தாள். இடத்தை மாற்றக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். போர்வையைப் பிரித்துத் தொட்டியை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். பழைய பக்கமே வெளிச்சத்தைப் பார்க்கும்படி திருப்பினேன். அதற்கப்புறம்தான் அவளைப் பார்த்தேன்.

ஆகவே, நீங்கள் கேட்டதற்குப் பதில்: தட்டினது எனக்குக் கேட்டது. எதற்காகத் தட்டினாள் என்று தெரியும். இன்ஹேலர் இருக்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். தாழ்ப்பாள் போட்டது நான், ஜன்னல் கதவுகளைக் கழற்றியது நான், தூங்குகிறாள் என்று சொன்னது நான். எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். அவள் வேலைக்குப் போகக் கூடாது என்பதற்காகச் செய்தேன் என்கிறீர்கள். அனுப்ப மனமில்லாதவள் சட்டைக்கு இஸ்திரி போடுவாளா? அந்தச் சட்டை மேசையில் மடித்தபடி இருக்கிறது, கழுத்துப்பட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

கைக்குட்டையில் இருந்த துண்டை நர்சரிக்காரரிடம் காட்டினீர்களாம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உட்கார இடம் கேட்டாராம். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கப் போவதில்லை. நுனி ஒரு பக்கம் மடிந்துதான் இருந்தது. பிறந்த குழந்தையின் கைபோல மூடித்தான் இருந்தது. நான் வெளிச்சத்தில் வைத்து நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன்.

வேர்தான் மேடம் அது.